கத்தார் நாடு: முத்தும் எரிவாயுவும்

முகவுரை

நாட்டின் சிறப்பு அதன் பரப்பால் அமைவதன்று. பெருநிலமும் பேராறுகளும் வாய்க்கப்பெற்றும் வறுமை நீங்காத நாடுகள் உலகிற் பல உள. ஆறு ஒன்றேனும் இல்லாது, வெயிலும் மணலுமே உடைமையாகக் கிடந்தும், தலைக்கு வரும் வருவாயில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடுகளும் சில உள. அத்தகையவற்றுள் ஒன்று கத்தார். அராபியப் பெருநிலத்தினின்று பாரசீக வளைகுடாவினுள் பெருவிரல் போல் வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் இச்சிறு நாட்டின் நிலவியல்பையும், ஆட்சி முறையையும், பொருள்நிலையையும் இக்கட்டுரைக்கண் சுருங்கக் கூறுவாம்.

இந்நாட்டைப் பற்றி நாம் அறிந்துகொள்ளுதற்குக் காரணங்கள் இரண்டு. கத்தார் தன் வரலாற்றில் இருமுறை ஒரே பொருளை நம்பி வாழ்ந்தது. முன்னர் முத்து, பின்னர் எரிவாயு. முன்னையது ஒரு தலைமுறைக்குள் பயனற்றுப் போயிற்று. பின்னையதும் என்றேனும் ஒரு நாள் தீர்வதே. தீரும் செல்வத்தைக்கொண்டு தீராத வாழ்வை அமைத்தல் எவ்வாறு என்பதே அந்நாட்டின் முன் நிற்கும் பெரிய வினா. இது முதற்காரணம். நம் நாட்டினர் பல இலட்சம் பேர் அங்குச் சென்று உழைத்து வாழ்கின்றனர் என்பது இரண்டாவது. தந்தையோ தமையனோ அந்நாட்டினின்று அனுப்பும் பொருளாற் கல்வி பயில்வோர் நம்மிடையேயும் இருத்தல் கூடும். ஆதலின் இது நமக்கு முற்றும் அயலான செய்தியன்று.

நிலமும் கடலும்

கத்தாரின் பரப்பு சுமார் 11,600 சதுரக் கிலோமீட்டர். 1986-ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிக்கப்படுவதற்கு முன்னிருந்த திருநெல்வேலி மாவட்டத்தின் பரப்பும் ஏறக்குறைய இதுவே என்பதை நினைவிற்கொண்டால் நாட்டின் அளவு நமக்கு நன்கு விளங்கும். தெற்கு வடக்காகச் சுமார் 160 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்தில் கிழக்கு மேற்காகச் சற்றேறக்குறைய 80 கிலோமீட்டர் அகலமும் உடையது. மூன்று புறமும் கடல். தெற்கே மட்டும் சவூதி அரேபியா எல்லையாக அமைந்துள்ளது. வடமேற்கே கடலுக்கு அப்பால் பஹ்ரைன் தீவு உள்ளது. தலைநகராகிய தோஹா கிழக்குக் கடற்கரையில் விளங்குகின்றது.

நிலம் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையாலாகிய சமவெளி. மலை என்று சொல்லத்தக்கது யாதுமில்லை. நாட்டின் மிக உயர்ந்த இடமும் கடல்மட்டத்திற்கு மேல் 103 மீட்டரே. மேற்குக் கரையையொட்டித் துக்கான் என்னும் தாழ்ந்த குன்றுத்தொடர் செல்கின்றது. கரையோரங்களிற் பல இடங்கள் உப்புப் பூத்த உவர்நிலங்கள். தெற்கே மணற்குன்றுகள் மலிந்துள்ளன. தென்கிழக்கு மூலையில் கோர் அல் உதைத் என்னுமிடத்தில், கடல்நீர் குறுகிய வழியொன்றாற் புகுந்து மணற்குன்றுகளினிடையே உட்கடலாய் விரிகின்றது. உயர்ந்த மணற்சரிவு நேரே நீல நீரில் இறங்கும் காட்சியை உலகில் வேறு சில இடங்களிலேயே காணல் கூடும்.

நம் இலக்கண நூலார் வகுத்த ஐந்திணைப் பாகுபாட்டை இந்நாட்டிற்குப் பொருத்திப் பார்ப்போமாயின், குறிஞ்சிக்கு மலையில்லை, மருதத்திற்கு ஆறில்லை, பாலையும் நெய்தலுமே ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. பண்டை மக்களும் இவ்விரு நிலத்திற்கேற்பவே வாழ்ந்தனர். ஒட்டகமும் ஆடும் மேய்த்துப் புல் கண்டவிடத்துத் தங்கியோர் ஒரு சாரார். கடற்கரையூர்களில் மீன்பிடித்தும் முத்துக்குளித்தும் வாழ்ந்தோர் மற்றொரு சாரார்.

ஆண்டில் மழை 100 மில்லிமீட்டருக்கும் குறைவு. குளிர்காலத்திற் சில நாட்கள் பெய்யும் அம்மழைநீர் வடபகுதியிலுள்ள பள்ளங்களில் தேங்கி நிலத்துள் இறங்கும். அவ்விடங்களிலேயே புல்லும் முட்செடியும் தழைக்கும். கோடையில் வெப்பம் 45 பாகைக்கு மேலும் ஏறும். கடற்காற்றின் ஈரம் அவ்வெப்பத்தோடு கூடும்போது உடல் படும் துன்பம் பெரிது. குடிநீர் ஏறக்குறைய முழுவதும் கடல்நீரினின்று உப்பைப் பிரித்து ஆலைகளில் ஆக்கப்படுவது. அவ்வாலைகளை இயக்குவதும் எரிவாயுவே. எனவே இந்நாட்டார் அருந்தும் ஒவ்வொரு குவளை நீரும், நிலத்தடியிலிருந்து எழும் எரிவாயுவின் துணையால் ஆக்கப்படுவதென்று கூறினும் மிகையாகாது.

முத்துக்குளித்த காலம்

பாரசீக வளைகுடாவின் முத்து, நம் கொற்கைத் துறை முத்தைப் போலவே பண்டுதொட்டுப் பெயர்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் குவைத்திலிருந்து வந்த வணிகர் கத்தாரின் வடமேற்குக் கரையில் அல் சுபாரா என்னும் மதில் சூழ்ந்த நகரை அமைத்து முத்து வாணிகம் நடத்தினர். 1811-ஆம் ஆண்டில் அந்நகர் அழிக்கப்பட்டது. பின் ஒருவாறு தலைதூக்கியும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கைவிடப்பட்டது. மணல் மூடிய அந்நகரின் சிதைவுகள் 2013-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொள்ளப்பட்டன.

கோடையின் நான்கு மாதங்களே முத்துக்குளிக்கும் காலம். அக்காலத்தில் ஆடவர் பெரும்பாலோர் மரக்கலமேறிக் கடலிலேயே தங்குவர். மூழ்குவோன் மூக்கை இடுக்கியால் அடைத்துக்கொண்டு, காலிற் கட்டிய கல்லின் பாரத்தாற் பல பாகம் ஆழம் இறங்கி, ஒரு மூச்சு தாங்கும் அளவில் சிப்பிகளைக் கூடையிற் பொறுக்குவான். கயிற்றை அவன் அசைத்தவுடன் மேலிருப்போன் அவனை இழுத்தெடுத்தல் வேண்டும். இவ்வாறு ஒரு நாளிற் பன்முறை மூழ்குவர். நம் தூத்துக்குடிக் கடலிலும் நிகழ்ந்த தொழில் இதுவேயாதலின் இதனை மேலும் விரித்தல் வேண்டா.

ஆயின் கணக்கு முறை ஒன்றைக் கூறாமல் விடல் தகாது. மரக்கலத் தலைவனை அங்கு 'நாகுதா' என்பர். நம் துறையிற் சம்மாட்டி என்பாரை ஒப்பவன். பருவத்திற்கு முன் குடும்பச் செலவிற்காக நாகுதாவிடம் முன்பணம் வாங்குவர் மூழ்குவோர். பருவ முடிவில் முத்து விற்ற பணத்தில் அக்கடன் கழிக்கப்படும். முத்து குறைந்த ஆண்டிற் கடன் எஞ்சும். எஞ்சிய கடனுக்காக அடுத்த ஆண்டும் அவனிடமே மூழ்குதல் வேண்டும். இவ்வாறு கடலினின்று மீண்டும் கடனினின்று மீளாதார் பலர். அவர்களோடு ஆப்பிரிக்காவினின்று கொணரப்பட்ட அடிமைகளும் மூழ்கினர். கத்தாரில் அடிமைமுறை ஒழிந்தது 1952-ஆம் ஆண்டிலேதான். எடுத்த முத்துகள் பெரும்பாலும் பம்பாய்க்குச் சென்று, அங்கிருந்து ஐரோப்பிய நகரங்களுக்குப் போயின.

இத்தொழிலின் முடிவு எதிர்பாராத திசையினின்று வந்தது. ஜப்பானில் மிகிமோட்டோ கோக்கிச்சி என்பவர் சிப்பியினுள் சிறு கருவைப் புகுத்தி முத்தை விளைவிக்கும் முறையில் 1893-ஆம் ஆண்டில் முதல் வெற்றி கண்டார். 1920-ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் அவ்வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தையிற் புகுந்தன. 1929-ஆம் ஆண்டில் தோன்றிய உலகப் பொருள்மந்தம் அணிகலன் வாங்குவார் கையையும் சுருக்கியது. வளைகுடா முத்தின் விலை வீழ்ந்தது, மரக்கலங்கள் கரையேறின. வேறு தொழிலறியாத மக்கள் பசியால் வாடினர். பலர் குடும்பத்தோடு அயல்நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஒரே பொருளை நம்பிய நாட்டிற்கு நேர்வது யாது என்பதை இக்காலம் தெளிவாகக் காட்டியது.

எண்ணெயின் வரவு

இத்துன்ப நாட்களில், 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆட்சித் தலைவர் ஷேக் அப்துல்லா பின் ஜாசிம் ஆங்கில எண்ணெய்க் கம்பெனியொன்றிற்கு நிலத்தடி எண்ணெயைத் தேடும் உரிமையை வழங்கினார். துக்கான் குன்றுப் பகுதியிற் கிணறு தோண்டப்பட்டு, 1939-40-ஆம் ஆண்டுகளில் எண்ணெய் இருப்பது உறுதியாயிற்று. ஆனால் இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டமையால் 1942-ஆம் ஆண்டிற் கிணறுகள் அடைக்கப்பட்டன. கையெட்டும் தொலைவிற் செல்வமிருந்தும் மக்கள் மேலும் சில ஆண்டுகள் வறுமையிலேயே காத்திருக்க நேர்ந்தது. 1949-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் முதற் கப்பல் எண்ணெய் ஏற்றிச் சென்றது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் சாலைகளும் மின்விளக்கும் அதன் பின்னரே வந்தன.

இக்காலத்தில் கத்தாருக்கும் நம் நாட்டிற்கும் இருந்த தொடர்பு ஒன்று குறிப்பிடத்தக்கது. வளைகுடா நாடுகளின் அயலுறவை ஆங்கிலேயர் 1947-ஆம் ஆண்டு வரை இந்திய அரசாங்கத்தின் வழியாகவே நடத்தினர். கத்தாரின் கடைவீதிகளில் வழங்கிய நாணயமும் இந்திய ரூபாயே. 1959-ஆம் ஆண்டில் வளைகுடாவிற்கென்று தனி ரூபாய் நோட்டுகளை நம் ரிசர்வ் வங்கி வெளியிட்டது. 1966-ஆம் ஆண்டில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்ட பின்னரே கத்தார் அதனைக் கைவிட்டது. இந்நாளில் அங்கு வழங்குவது ரியால். ஓர் அமெரிக்க டாலருக்கு 3.64 ரியால் என்னும் மதிப்பில் அது நிலைநிறுத்தப்பட்டுள்ளது.

எரிவாயு

1971-ஆம் ஆண்டு கத்தாருக்கு இருவகையிற் சிறப்புடையது. அவ்வாண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் அந்நாடு ஆங்கிலப் பாதுகாப்பினின்று விடுபட்டுத் தனியரசாயிற்று. அவ்வாண்டிலேயே வடகிழக்குக் கடலின் அடியில், 'வடபுலம்' எனப்படும் பெரும் எரிவாயுப் படுகையும் கண்டுபிடிக்கப்பட்டது. கத்தாரின் கடலெல்லைக்குள் மட்டும் அதன் பரப்பு சுமார் 6,000 சதுரக் கிலோமீட்டர். அஃதாவது நாட்டின் நிலப்பரப்பிற் பாதிக்கும் மேல். அதன் மற்றொரு பகுதி ஈரானுக்கு உரியது. உலகிலுள்ள எரிவாயுப் படுகைகளுள் இதுவே மிகப் பெரியது. இதனால், எரிவாயு இருப்பில் ருஷியாவுக்கும் ஈரானுக்கும் அடுத்தபடியாகக் கத்தார் மூன்றாவதாக எண்ணப்படுகின்றது.

ஆயினும் கண்டெடுத்த நாளில் இதனைப் பெரும்பேறாக எவரும் கொண்டாடவில்லை. எண்ணெயைப் பீப்பாயில் நிரப்பலாம், கப்பலிற் கொட்டலாம். ஆவியை எதில் அடைப்பது? குழாய் வழியே அனுப்பலாமெனின், வாங்குவோர் கடலுக்கப்பால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ளனர். இவ்விடரை நீக்கியது குளிர்விக்கும் கலையே. எரிவாயுவிலுள்ள நீர், கந்தகக் கலவை, கரியமிலவாயு முதலியவற்றை முதலிற் பிரித்தெடுப்பர். தூய எரிவாயுவை உறைநிலைக்குக் கீழே 162 பாகை வரை குளிர்விக்க, அது நீர்போன்ற திரவமாகிவிடும். அப்போது அதன் பருமன் அறுநூற்றில் ஒரு பங்காகக் குறையும். வெப்பம் புகாத தொட்டிகளையுடைய கப்பல்களில் அதனை ஏற்றுவர். இறக்கும் துறையில் மீண்டும் வெம்மையூட்டி ஆவியாக்கிக் குழாய்களிற் செலுத்துவர். இக்கப்பல்களுள் மிகப் பெரியவை 345 மீட்டர் நீளமும், சுமார் 2,66,000 கனமீட்டர் கொள்ளளவும் உடையன.

இத்தகைய ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் பெருமுதல் வேண்டும். கிணறு தோண்டுமுன்பே, இருபது இருபத்தைந்து ஆண்டுகள் தவறாது வாங்குவோம் என்று உறுதி தரும் வாடிக்கையாளரும் வேண்டும். கத்தார் கடன் வாங்கியும், அயல்நாட்டுக் கம்பெனிகளைப் பங்காளிகளாகச் சேர்த்தும் துணிந்து இறங்கியது. தோஹாவுக்கு வடக்கே ராஸ் லஃபான் என்னும் வெறுங்கடற்கரையில் துறைமுகமும் ஆலைகளும் எழுந்தன. 1996-ஆம் ஆண்டின் இறுதியில் முதற் கப்பல் புறப்பட்டது. அது சென்ற நாடு ஜப்பான். வளர்ப்பு முத்தைப் பரப்பி இம்மக்களின் பழந்தொழிலை வீழ்த்திய நாடே, அவர்களுடைய புதுப்பொருளை முதலில் வாங்கியதும் ஆயிற்று. உலக வாணிகத்தின் போக்கு இத்தகையது. அது பகைமை கொண்டு அழிப்பதுமில்லை, அன்பு கொண்டு ஆதரிப்பதுமில்லை.

பின்னர் வளர்ச்சி மிக விரைவாயிற்று. 2006-ஆம் ஆண்டில் இந்தோனேசியாவை முந்தித் திரவ எரிவாயு ஏற்றுமதியில் கத்தார் உலகின் முதலிடம் பெற்றது. 2010-ஆம் ஆண்டில் அதன் ஆலைகளின் ஆற்றல் ஆண்டுக்கு 7 கோடியே 70 இலட்சம் டன்னாக உயர்ந்தது. அதன் பின்னர் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் போட்டிக்கு வந்தன. இடையே 2005-ஆம் ஆண்டு முதல் 2017-ஆம் ஆண்டு வரை, படுகை தாங்கும் அளவை ஆராயும்பொருட்டு, புதிய கிணறுகளுக்கு அரசே தடை விதித்திருந்தது. கையிலிருப்பதை விரைந்து செலவிடாது நின்று எண்ணிப் பார்த்த இச்செயல் போற்றத்தக்கது.

நம் நாட்டிற்கும் இவ்வெரிவாயு வருகின்றது. ஆண்டுக்கு 75 இலட்சம் டன் அனுப்ப 1999-ஆம் ஆண்டில் ஒப்பந்தமாயிற்று. 2004-ஆம் ஆண்டிற் குஜராத்தின் தஹேஜ் துறையில் முதற் கப்பல் வந்தது. அவ்வொப்பந்தத்தை 2028-ஆம் ஆண்டினின்று மேலும் இருபது ஆண்டுகளுக்கு நீட்டிக்க 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் கையொப்பமாயிற்று. எரிவாயுவினின்று யூரியா உரமும், கந்தகமும், ஹீலியமும் கிடைக்கின்றன. எரிவாயுவை எண்ணெயாக மாற்றும் பேராலையொன்றும் ராஸ் லஃபானில் உள்ளது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'முத்து' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே. பழந்தொழில் பெயரளவில் நிலைபெற்றது போலும்!

ஆட்சி முறை

கத்தார் ஒரு முடியாட்சி. ஆட்சித் தலைவர் 'அமீர்' எனப்படுவார். அல் தானி என்னும் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தலைமை பூண்டு வருகின்றனர். 1868-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பிரதிநிதியான கர்னல் பெல்லி, முகம்மது பின் தானியோடு உடன்படிக்கை செய்தார். கத்தார் ஒரு தனித்தலைமையுடைய நாடென்று ஏற்கப்பட்டதற்கு அதுவே முதற் சான்று. 1871-ஆம் ஆண்டில் துருக்கியர் வந்தனர். 1893-ஆம் ஆண்டில் வஜ்பா என்னுமிடத்தில் ஷேக் ஜாசிம் அவர்களைப் போரில் வென்றார். 1916-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கை 1971 வரை நிலவியது.

தனியரசான பின்னும் ஆட்சி மாறிய முறை ஒரு தன்மையதாக இல்லை. 1972-ஆம் ஆண்டிலும் 1995-ஆம் ஆண்டிலும் குடும்பத்திற்குள்ளேயே ஒருவரை நீக்கி மற்றொருவர் ஆட்சியைக் கைக்கொண்டனர், இரத்தம் சிந்தவில்லை. 1995-ஆம் ஆண்டில் தந்தையை நீக்கி அமீரான ஷேக் ஹமது, 2013-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள், உயிரோடிருக்கும்போதே தாமாக விலகித் தம் மகன் ஷேக் தமீமிடம் ஆட்சியை ஒப்படைத்தார். முடியாட்சி நாடுகளில் இஃது அரிய நிகழ்ச்சி.

2003-ஆம் ஆண்டில் மக்கள் வாக்கால் ஏற்கப்பட்ட அரசியல் சட்டம் 2005-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பிரதமரையும் அமைச்சரையும் நியமிப்பவர் அமீரே. அரசியற் கட்சிகள் இல்லை. சட்டங்களை ஆராயும் 'ஷூரா' என்னும் ஆலோசனைச் சபையில் உறுப்பினர் 45 பேர். அவர்களுள் 30 பேரை மக்கள் தேர்ந்தெடுப்பர் என்று சட்டம் கூறிற்று. அத்தேர்தல் பல ஆண்டுகள் தள்ளிப்போய், 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் முதன்முறை நடந்தது. போட்டியிட்ட பெண்டிருள் ஒருவரும் வெற்றி பெறவில்லை. 1930-ஆம் ஆண்டிற்கு முன்னரே அந்நாட்டில் வாழ்ந்த குடும்பத்தார்க்கே முழு உரிமை என்னும் விதியாற் சில குலத்தார் மனக்குறையுற்றனர். பின்னர் 2024-ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில், தேர்தலை நீக்கி உறுப்பினர் அனைவரையும் அமீரே நியமிக்கும் திருத்தம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட வாக்குகளால் ஏற்கப்பட்டது. 29 உறுப்பினரையுடைய நகராட்சிச் சபைக்கு மட்டும் 1999-ஆம் ஆண்டு முதல் தேர்தல் நடந்து வந்துள்ளது. அதில் தொடக்கம் முதலே பெண்டிரும் வாக்களித்தனர்.

குடிமக்கள் இதனை எங்ஙனம் ஏற்றனர் எனின், பொருள் நிலையை நோக்குதல் வேண்டும். ஊதியத்தின்மீது வரி இல்லை. கல்வியும் மருத்துவமும் குடிமக்களுக்கு இலவசம். அரசுப் பணி பெரும்பாலோர்க்குக் கிடைக்கின்றது. பிற நாடுகளில் அரசு குடிகளிடம் வரி வாங்குகின்றது. அவ்வரிக்குக் கணக்குக் கேட்கும் உரிமை குடிகளிடம் தோன்றுகின்றது. இங்கோ அரசு குடிகளுக்குக் கொடுக்கின்றது. கொடுக்கும் கையைக் கணக்குக் கேட்பது எளிதன்று. எரிவாயுச் செல்வம் பொருளியலை மட்டுமன்றி அரசியலையும் உருவாக்குகின்றது என்பதற்கு இதுவே சான்று.

சேமிப்பும் பாதுகாப்பும்

முத்து வீழ்ந்த கதையைக் கத்தார் மறக்கவில்லை. எரிவாயுவால் வரும் பொருளின் ஒரு பகுதியை அயல்நாடுகளில் முதலீடு செய்ய 2005-ஆம் ஆண்டில் ஒரு நிதியம் நிறுவப்பட்டது. இலண்டன் மாநகரின் ஹாரட்ஸ் பேரங்காடி 2010-ஆம் ஆண்டிற் கத்தாரின் உடைமையாயிற்று. கல்வியிலும் பெருமுதல் இடப்பட்டது. 1973-ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றியது பின்னர்ப் பல்கலைக்கழகமாயிற்று. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல தோஹாவின் கல்வி நகரிற் கிளைகள் அமைத்துள்ளன. 1996-ஆம் ஆண்டில் தொடங்கிய அல் ஜசீரா தொலைக்காட்சி நாட்டின் பெயரை உலகெங்கும் பரப்பியது. பகைத்த நாடுகளிடையே தூது நிற்பதையும் கத்தார் தன் தொழிலாகக் கொண்டது. அமெரிக்காவும் தாலிபானும் 2020-ஆம் ஆண்டில் உடன்பட்டது தோஹாவிலேயே.

ஆயினும் செல்வம் அரணாகிவிடாது. 2017-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கு நாடுகளும் கத்தாரோடு உறவை முறித்தன. நிலவழி அடைபட்டது. உணவிற் பெரும்பகுதியை அயல்நாட்டினின்று வாங்கும் நாட்டில் கடைகளிற் பாலுக்கும் தட்டுப்பாடு வந்தது. உடனே துருக்கியும் ஈரானும் உணவு அனுப்பின; கறவை மாடுகள் ஆயிரக்கணக்கில் விமானத்தில் ஏற்றிக் கொணரப்பட்டன. பாலைவனத்திற் குளிரூட்டிய கொட்டில்களில் அவை வளர்க்கப்பட, சில ஆண்டுகளிற் பால் தன்னிறைவுற்றது. இதனினும் வியப்பு, உறவை முறித்த அமீரகத்திற்குக் கடலடிக் குழாய் வழியே செல்லும் எரிவாயுவைக் கத்தார் ஒரு நாளும் நிறுத்தவில்லை என்பதே. அப்பிணக்கு 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் தீர்ந்தது.

வேறோர் இடரும் உண்டு. கத்தாரின் திரவ எரிவாயுக் கப்பல்கள் யாவும் ஹோர்முஸ் என்னும் குறுகிய கடல்வாயில் வழியாகவே வெளிச்செல்லுதல் வேண்டும். அவ்வாயிலில் எழும் ஒவ்வொரு பூசலும் இந்நாட்டின் கருவூலத்தை எட்டும். 2025-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் அமெரிக்கப் படை தங்கிய அல் உதைத் விமானத்தளத்தின்மீது ஈரான் ஏவுகணை எறிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் தோஹா நகரிலேயே இஸ்ரேல் குண்டு வீசியது. எல்லோரோடும் நட்புப் பூண்டு வாழ விரும்பும் சிறு நாட்டிற்கும் பெரியோர் போரினின்று ஒதுங்கி நிற்றல் அரிது.

உழைப்போர்

இந்நாட்டின் மக்கள் தொகை 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 28 இலட்சத்துக்குச் சற்று மேல். இவர்களுட் குடிமக்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கினரே. எஞ்சியோர் இந்தியா, வங்காளதேசம், நேபாளம், பிலிப்பைன்ஸ், எகிப்து, இலங்கை முதலிய நாடுகளினின்று வந்து உழைப்போர். அவர்களுள் இந்தியரே பெருந்தொகையினர். நம் தமிழ் மக்களும் அவர்களுள் அடங்குவர். பொறியாளர், மருத்துவர், செவிலியர், கணக்கர், ஓட்டுநர், கொத்தர், துப்புரவாளர் எனப் பலநிலையினராய் அந்நாட்டை நடத்துவோர் இவர்களே.

நெடுங்காலம் இவர்களை ஆண்டது 'கஃபாலா' என்னும் முறை. வேலை கொடுப்பவரே தொழிலாளிக்குப் பொறுப்பாளர். அவர் இசைவின்றி வேறு வேலைக்குச் செல்லவும், நாட்டைவிட்டுத் திரும்பவும் இயலாது. 2022-ஆம் ஆண்டின் உலகக் கால்பந்துப் போட்டி கத்தாருக்கு என்று 2010-ஆம் ஆண்டில் முடிவானபின், அரங்குகளும் சாலைகளும் அமைக்க மேலும் இலட்சக்கணக்கானோர் வந்தனர். உலகின் கண்கள் அப்போது இம்முறைமீது விழுந்தன. உலகத் தொழிலாளர் அமைப்பு 2018-ஆம் ஆண்டில் தோஹாவில் அலுவலகம் திறந்தது. 2020-ஆம் ஆண்டிற் சட்டம் திருத்தப்பட்டு, பழைய முதலாளியின் இசைவின்றியே வேலை மாறலாம் என்றாயிற்று. 2021-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மாதம் 1,000 ரியால் குறைந்த ஊதியமும், உணவும் உறையுளும் தராதவிடத்து அவற்றிற்குத் தனிப்படியும் கட்டாயமாயின. கோடையில் முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 3.30 மணி வரை வெயிலிற் பணிசெய்தல் தடுக்கப்பட்டது.

இவை நன்மாற்றங்களே. ஆயினும் முழுமை பெற்றனவல்ல. அயல்நாட்டுத் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமை பெறவில்லை. ஊதியம் காலத்திற் கிடையாமை பற்றிய முறையீடுகள் ஓயவில்லை. 2020-ஆம் ஆண்டில் மட்டும் பணியிடங்களில் 50 பேர் உயிரிழந்தனர் என்றும், ஐந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் கடுங்காயமுற்றனர் என்றும் அவ்வுலக அமைப்பு கணக்கிட்டு வெளியிட்டது.

இவற்றினும் ஆழமான குறை ஒன்று கடலுக்கு இக்கரையிலேயே தொடங்குகின்றது. வேலைக்கு ஆளெடுக்கும் கூலியைத் தொழிலாளியிடம் வாங்குதல் கத்தார் சட்டப்படி குற்றம். ஆயினும் புறப்படும் ஊர்களில் தரகர் பெருந்தொகை கேட்கின்றனர். நகையை அடகுவைத்தும், வட்டிக்கு வாங்கியும் அத்தொகையைக் கொடுத்தே பலர் விமானம் ஏறுகின்றனர். அக்கடன் தீருமளவும் ஊதியம் குறைந்தாலும், வெயில் கொளுத்தினாலும், திரும்பிவர வழியில்லை. முன்பணம் வாங்கிக் கடலில் மூழ்கிய பழைய முத்துக்குளிப்பானுக்கும், கடன் வாங்கிக் கட்டடத்தில் ஏறும் இன்றைய கொத்தனுக்கும் இடையேயுள்ள வேற்றுமை யாது? அவன் ஆழத்தில் இறங்கினான். இவன் உயரத்தில் ஏறுகின்றான். காலில் கட்டிய கல் இருவர்க்கும் ஒன்றே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மண்ணுள் மறைந்த பொருள் ஒரு நாட்டைச் செல்வநாடாக்கவல்லது என்பதும், அச்செல்வத்தைக் காக்க அறிவும் நடுநிலையும் வேண்டும் என்பதும் விளங்கும். முத்து வீழ்ந்தபோது கத்தாருக்கு வேறு தொழிலில்லை, சேமிப்புமில்லை, கல்விச்சாலையுமில்லை. எரிவாயு தளரும் நாள் வருமாயின் இம்மூன்றும் ஓரளவேனும் கையில் இருக்கும். அவ்வகையில் அந்நாட்டார் தம் முன்னோர் பட்ட துன்பத்தினின்று பாடம் கற்றனர் என்றே சொல்லுதல் வேண்டும்.

ஆனால் அப்பாடத்தின் மறுபாதி இன்னும் கற்கப்படவில்லை. முத்து வாணிகத்திற் கெட்டது விலை மட்டுமன்று. மூழ்கியவன் ஈட்டியது அவனுக்கு எஞ்சாத முறையும் கெட்டதே. அம்முறையை நீக்கும் கடமை கத்தாருக்கு மட்டும் உரியதன்று. தன் மக்களைக் கடனாளிகளாக்கிக் கப்பலேற்றும் நாட்டிற்கும் அதிற் பங்குண்டு. கற்ற இளைஞராகிய நாம், நம் ஊரிலிருந்து அயல்நாடு செல்வார்க்கு ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் சொல்லுதலும், பதிவு பெற்ற முகவரையும் போலித் தரகரையும் பிரித்தறிய உதவுதலும் எளிய செயல்கள். அவற்றாற் காக்கப்படும் வாழ்க்கையோ பெரிது. நிலத்தடிப் படுகைகள் ஒரு காலத்து வற்றும். மனிதன் உழைப்பிற்கு உரிய மதிப்பைக் கொடுத்து வாழும் நாட்டின் வளம் வற்றாது.